பேட்டரி மேல் விழுந்த பழி

நாச்சியாரம்மாவுக்கு வீடு கிடையாது. வண்டிதான் வீடு. ஒரு பழைய மினி பஸ்ஸின் சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், நாலு லைட் என்று வைத்துக் கட்டியது. ஊர் ஊராகப் போவார். கூப்பிட்ட இடத்தில் ஆன்மிகம் பேசுவார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார். வயது என்னமோ நாற்பத்திரண்டுதான்.

வண்டி ஓட்டுவதும், சோறு வடிப்பதும், அம்மா பேசும்போது முன்னால் உட்கார்ந்து தலையாட்டுவதும் சீடர் தில்லைநாயகத்தின் வேலை. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஜவுளிக் கடையில் புடவை விரித்துப் போட்டே முதுகு வளைந்த மனுஷன். அவர் இவரை "அம்மா" என்பார், இவர் அவரை "அண்ணே" என்பார். புதிதாக வருகிறவர்கள் பெரியவரைப் பார்த்துக் கும்பிடு போடுவார்கள். அவர் பதறிப்போய் அம்மா பக்கம் கையைக் காட்டுவார்.

அந்தத் தடவை சின்னமனூர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வண்டி நின்றது. மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்து வண்டிக்குக் கரண்ட் கொடுத்திருந்தார்கள். காலையில் அம்மா குளித்துவிட்டு வந்தபோது தில்லைநாயகம் வேட்டி சட்டையை மடித்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"ஊருக்குத்தாம்மா. மகன் வீட்டுக்கு."

"நேத்து ரசத்துல உப்பு கூடிப்போச்சுன்னேனே, அதுக்கா?"

"விளையாடாதீங்கம்மா."

விஷயம் இதுதான். முந்தாநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். ஊருக்குள் சௌந்தரம் என்கிற ஒரு அம்மாள் வரச்சொல்லியிருந்தார் என்று தில்லைநாயகத்தை அனுப்பிவைத்தார். சௌந்தரத்தின் பையன் பைக்கில் போய் லாரியில் மோதிச் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த அம்மாள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவன் கிளம்பும்போது நான் திட்டிக்கிட்டு இருந்தேங்க. நீயெல்லாம் உருப்படவே மாட்டேன்னு சொன்னேன். அதான் அவன் காதுல விழுந்த கடைசி வார்த்தை. அத இப்ப நான் என்ன பண்றது?"

ஒன்பது வருஷமாக அம்மா பேசியதையெல்லாம் தில்லைநாயகம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். சாவைப் பற்றி மட்டும் எத்தனை பேச்சு! அந்த வீட்டில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "அம்மாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

"உள்ள ஒண்ணுமே இல்லம்மா. காலி. இத்தன வருஷம் உங்க கூட இருந்தும் எதுவும் ஒட்டல. நான் இதுக்கு லாயக்கு இல்ல, அவ்வளவுதான்." குரல் உடைந்துபோனது. ஆத்திரமும் இருந்தது, எல்லாம் தன் மேலேயே.

அம்மா ஆறுதல் சொல்லவில்லை. "சரிண்ணே, போறதுக்கு முன்னாடி அந்த பேட்டரிய என்னன்னு பாத்துட்டுப் போங்க. மலைப்பாதையில நிறுத்துனா வண்டி இருட்டாயிருது."

"புது பேட்டரிம்மா அது! போன மாசந்தான் போட்டேன். அதுக்கு முந்தி போட்டதும் இப்படித்தான் மண்டையப் போட்டுச்சு. கடைக்காரன் ஏமாத்துறான்." எட்டி ஸ்விட்சைத் தட்டினார். "இந்தா பாருங்க, எரியுது. நல்லாத்தான் இருக்கு."

"மோட்டார் ரூம்லேருந்து வர்ற ஒயரப் பிடுங்குங்க."

பிடுங்கினார். லைட் பொசுக்கென்று போனது. ஃபிரிட்ஜும் நின்றது.

"அடச்சே! இதுவும் செத்துப்போச்சா!"

"மறுபடி மாட்டுங்க."

மாட்டினார். எரிந்தது.

"இப்ப எரியுதே, அது எதுனால?"

தில்லைநாயகம் லைட்டைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். "தோட்டத்துக் கரண்டுலயா?"

இந்த மாதிரி சமாச்சாரம் என்றால் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. கட்டிலுக்கடியில் தலையை நுழைத்தார். அங்கே ஒரு தகரப் பெட்டி இருந்தது. வெளியிலிருந்து வரும் கரண்டை வாங்கி, லைட்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும் தகுந்த மாதிரி குறைத்துக் கொடுப்பது அதன் ஒரு வேலை. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது இன்னொரு வேலை. கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் மீட்டரை எடுத்துவரச் சொன்னார். லைட்டுக்குப் போகும் ஒயரில் வைத்தார்கள், முள் துள்ளியது. பேட்டரியிலிருந்து கழற்றிய சார்ஜ் ஒயரில் வைத்தார்கள். முள் படுத்தேயிருந்தது.

"அட!" என்றார் தில்லைநாயகம். "லைட்டுக்குக் குடுக்குது. பேட்டரிக்குக் குடுக்கலையே!"

"வைங்க, இன்னொரு தடவ வைங்க."

வைத்தார். அதேதான். ஊருக்குப் போகிற நினைப்பே அவருக்கு மறந்துவிட்டது. "அப்ப புது பேட்டரி ரெண்டு நாள் எரிஞ்சுதே, அது எப்படிம்மா?"

"கடையில ஏத்திக் குடுத்தது இருந்திருக்கும். அது தீந்ததும் நின்னுருச்சு."

"நான் அந்தக் கடைக்காரன என்ன பேச்சுப் பேசினேன்!"

தேனிக்கு பஸ் ஏறிப் போய்ப் புதுப் பெட்டி வாங்கிவந்தார். மறுநாள் இரண்டு பேரும் வேலையில் உட்கார்ந்தார்கள். முதலில் வெளிக் கரண்டைப் பிடுங்கினார்கள். பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று மறந்துவிடக் கூடாதே என்று தில்லைநாயகம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் நூல் கட்டினார், ஜவுளிக் கடைப் புத்தி விடுமா? பழைய பெட்டி வெளியே வந்தது. அம்மா அதைத் திறந்து பார்த்தார். ஒரு பக்கம் பளபளவென்று இருந்தது, இன்னொரு பக்கம் கருகிக் கிடந்தது.

புதுப் பெட்டியை வைத்துத் திருகி, நூல் பார்த்து ஒயர்களை மாட்டி, கரண்ட் கொடுத்தார்கள். உள்ளே குட்டி ஃபேன் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. தில்லைநாயகம் பேட்டரியில் மீட்டரை வைத்தார். முள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது.

"ஏறுது! அம்மா, ஏறுது பாருங்க!"

"தள்ளுங்க, எனக்கும் காட்டுங்க!"

இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார்கள். லைட் எரிந்துகொண்டே இருந்தது.

"பாவம்மா," என்றார் தில்லைநாயகம். "ஒரு தப்பும் பண்ணாத பேட்டரி மேல ரெண்டு தடவ பழி போட்டுட்டேன். பெட்டி மேல சந்தேகமே வரல. லைட் ஜம்முன்னு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சா, யாருக்குத் தோணும்?"

"எனக்கும் தோணலண்ணே," என்றார் அம்மா. "இப்பத்தான் தோணுது."

தில்லைநாயகம் கை துடைப்பதை நிறுத்தினார். அம்மா சொன்னது அவருக்கு முழுசாகப் பிடிபடவில்லை. ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. கடைசியில் கேட்டுவிட்டார்.

"அம்மா, சௌந்தரம்மாவுக்கு என்னதான் சொல்றது?"

கேள்வி முடியுமுன் பதில் சொல்கிறவர் நாச்சியாரம்மா. இன்றைக்கும் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"நீங்க கேட்டு, நான் பதில் சொல்லாம விட்ட கேள்வி ஒண்ணு சொல்லுங்கண்ணே."

அவர் யோசித்தார். "ஒண்ணுகூட இல்லையேம்மா."

"இதுக்கும் சொல்லிருவேன். நல்ல பதிலாத்தான் சொல்லுவேன். நீங்க கொண்டுபோய் அப்படியே சொல்லலாம். அந்த நேரத்துக்கு எரியும், உள்ள ஏறாது." அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். "சொல்லட்டுமா?"

தில்லைநாயகம் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு சௌந்தரத்தின் வீட்டுக்கு நடந்தார்.