ஏழு மணித் தப்பு

தப்பே செய்யாததால் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்த கதை உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு உட்காருங்கள். பால் பொங்கினால் என்னைச் சொல்லக் கூடாது.

செவக்காட்டுப்பட்டியில் அண்ணன் தம்பி மூன்று பேர் கைமுறுக்குக் கடை வைத்திருந்தார்கள். மூத்தவர் பூவலிங்கம், நடுவுள்ளவர் சங்குமணி, இளையவர் கொம்பையா. மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அதுவும் பூவலிங்கத்தின் மனைவி செண்பகத்தின் தலையில் இருந்தது. ஆனால் அவர்கள் கையைக் குறை சொல்ல முடியாது. மாவை விரலால் முறுக்கி ஏழு சுற்று சுற்றினால், கோலம் போட்ட மாதிரி இருக்கும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாக ஒரு பேக்கரி வந்தது. அதற்குப் பிறகு முறுக்குக் கடைக்கு ஈ மட்டும் வந்தது. செண்பகம் பார்த்தாள்.

"இந்தத் தை மாசத்துக்குள்ள ஒரு கல்யாண ஆர்டராவது வரணும். வரலன்னா கடையைப் பூட்டிட்டு, மூணு பேரும் எங்க அண்ணன் செங்கச் சூளைக்குக் கல்லு சுமக்கப் போங்க."

அந்த அண்ணன், தங்கை புருஷன் என்றுகூடப் பார்க்காமல் வேலை வாங்குகிற ஆள். மூவருக்கும் அன்றிரவே முதுகு வலித்தது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அக்கா மகள் தமயந்தி போனில் வழி சொன்னாள். "மாமா, தினமும் காலையில ஏழு மணிக்கு ஒரு வீடியோ போடுங்க. ஒரு நாள்கூட விடக் கூடாது. கடையில நடக்கிறதை நடக்கிறபடியே காட்டுங்க. தப்பு நடந்தாலும் மறைக்காம நீங்களே சொல்லிருங்க. அப்பதான் சனங்களுக்கு நம்பிக்கை வரும். நம்பிக்கை வந்துட்டா ஆர்டர் தானா வரும்."

சங்குமணி இதைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிச் சூடம் காட்டினார்.

முதல் நாள் அரிசி ஊறுவதை லைவில் காட்டினார்கள். குண்டானில் அரிசி, அதன் மேலே தண்ணீர். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"அண்ணாச்சி, கை வலிக்கு. நிறுத்தட்டுமா?" என்றார் போனைப் பிடித்திருந்த கொம்பையா.

"அரிசி ஊறிட்டா?"

"இல்ல."

"அப்ப பிடிலே. பாதியில நிறுத்தினா, மீதி நேரத்துல என்னமோ செஞ்சிட்டானுவன்னு நினைப்பாவ."

அன்று அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பூவலிங்கம், இன்னொருவர் சங்குமணி. இருவரும் குண்டானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, தங்கள் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் கொம்பையா மாவில் உப்புப் போட மறந்துவிட்டார். மறுநாள் ஏழு மணிக்கு மூவரும் இழவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போன் முன்னால் நின்றார்கள்.

"சனங்களே, நேத்து முறுக்குல உப்பு இல்ல. போட மறந்தது இவன்" என்று பூவலிங்கம் தம்பியைக் காட்டினார். கொம்பையா கும்பிட்டார்.

அவ்வளவுதான். வீடியோ ஊர் ஊராகப் போயிற்று. இந்தக் காலத்தில் இப்படியும் ஆட்களா என்று பார்த்தவர்கள் உருகினார்கள். சாயங்காலத்துக்குள் தட்டு காலி.

மறுநாள்தான் சிக்கல். சொல்வதற்குத் தப்பே இல்லை.

"நல்லா யோசிங்கலே. ஒண்ணுமா நடக்கல?" என்றார் பூவலிங்கம்.

"எண்ணெய்கூடச் சிந்தல அண்ணாச்சி." கொம்பையா அழாத குறை.

"சும்மாவாச்சும் ஒண்ணு சொல்லிருவோமா?" என்றார் சங்குமணி.

"பொய் சொல்லச் சொல்லுதியா? அப்புறம் எவன் நம்புவான்?"

சங்குமணி அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். "அப்ப நிஜமாவே பண்ணிற வேண்டியதுதான்."

செண்பகத்துக்குத் தெரியாமல் முறை போட்டுக்கொண்டார்கள். திங்களும் வியாழனும் கொம்பையா, செவ்வாயும் வெள்ளியும் சங்குமணி, புதனும் சனியும் பூவலிங்கம். ஞாயிற்றுக்கிழமை மூவரும் சேர்ந்து.

திங்களன்று உப்புக்குப் பதில் சீனி விழுந்தது. செவ்வாயன்று சீரகத்துக்குப் பதில் வெந்தயம். புதனன்று பூவலிங்கம், உள்ளூர் டீச்சர் ஒருத்தி சொல்லி வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொண்டுபோய், ஆறு வருஷமாக அந்த டீச்சரோடு பேசாத அவள் நாத்தனார் வீட்டில் கொடுத்தார். அண்ணிதான் கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று அந்த அம்மாள் அழுதுகொண்டே ஓடிப்போய் டீச்சரைக் கட்டிக்கொண்டாள். சண்டை தீர்ந்தது. இது தப்பில் சேராது என்று பூவலிங்கம் மனம் நொந்து கடைக்கு வந்து, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எண்ணெய்ச் சட்டியில் போட்டார்.

காலை ஏழு மணி ஆனால் ஊரில் அடுப்படிக்கு அடுப்படி போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்தால்தான் பிள்ளைகள் இட்லியை விழுங்கின. இவர்கள் வாயில் பொய்யே வராது என்று சுற்றுவட்டாரம் முழுக்க நம்பியது. அப்படி நம்பியதால்தான் ஒருவரும் முறுக்கு வாங்கவில்லை.

தை மாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பக்கத்து ஊர் ஆவுடையப்பன் வந்தார். மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். சீர்த்தட்டில் வைக்க ஏழு சுற்று முறுக்கு தொண்ணூற்றொன்று வேண்டும்.

"எங்க கடையிலயா?" என்று பூவலிங்கமே கேட்டுவிட்டார்.

"ஆமா. பேக்கரிக்காரன் கெட்டுப்போனதையும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான். நீங்கன்னா எதுல தப்புன்னு சொல்லிருவிய. அதை எடுத்துப் போட்டுட்டு மீதியைச் சபையில வைக்கலாம்லா."

வியாழக்கிழமை முறுக்குச் சுற்றினார்கள். கொம்பையாவின் முறை. ஒரே ஒரு முறுக்கை மட்டும் ஆறு சுற்றோடு விட்டுவிடுவது என்று மூவரும் ரகசியமாகப் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் செண்பகம் கையில் கரண்டியோடு கொம்பையாவின் பக்கத்திலேயே நின்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முறுக்கை மண்டபத்தில் இறக்கினார்கள். ஏழு மணிக்கு அங்கேயே வாழைமரத்தடியில் நின்று வீடியோ.

"சனங்களே, நேத்து ஒரு தப்பும் நடக்கல. மன்னிச்சிருங்க." பூவலிங்கம் தலையைக் குனிந்தார்.

மண்டபத்தில் ஆளுக்கொரு போனில் இதைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தினம் ஒரு தப்புச் சொல்றவன் இன்னைக்கு இல்லைங்கான். அப்ப வெளியில சொல்ல முடியாத தப்பா இருக்கும். என்னன்னு தெரியாம நாங்க சீரைத் தொட மாட்டோம்."

சீரைத் தொடாமல் தாலி எப்படி? முகூர்த்தமோ ஒன்பதரையோடு முடிகிறது. இரண்டு வீட்டாரும் முறுக்கைச் சோதிக்க உட்கார்ந்தார்கள். உடைத்தார்கள், மோந்தார்கள், கடித்தார்கள். ஐயரும் இரண்டு எடுத்துச் சோதித்தார்.

"ருசி சரியாத்தான் இருக்கு."

"சுத்து எத்தனை?"

"ஏழு."

"இன்னொரு தடவை எண்ணும்."

"எங்கிட்டு எண்ண? தின்னாச்சு."

தொண்ணூற்றொன்றும் தீர்ந்தது. தப்பு கிடைக்கவில்லை. மணி ஒன்பது இருபது. ஆவுடையப்பன் ஓடிவந்து பூவலிங்கத்தின் கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, எம் மவ மணவறையில உக்காந்திருக்கா. ஏதாவது ஒரு தப்புச் சொல்லும்."

"இல்லாததைச் சொன்னா பொய்யாயிரும்லா. நம்பிக்கை போயிருமே."

சங்குமணி தம்பியின் மேல் பாய்ந்தார். "எல்லாம் உன்னாலதாம்லே. உன் முறைதான? ஆறு சுத்து சுத்துதேன்னு ஒத்துக்கிட்டுத்தான போனே?"

"மதினி கரண்டியோட நின்னாவ. பயத்துல மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?" பூவலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "ஏலே, போனைப் பிடி."

மண்டபமே எழுந்து நின்றது.

"சனங்களே, காலையில சொன்னது சரியில்ல. நேத்து ஒரு தப்பு நடந்திருக்கு. தப்புப் பண்ண மறந்தது இவன்." கொம்பையா கும்பிட்டார்.

"அதான பார்த்தேன்" என்று மாப்பிள்ளையின் அப்பா பெருமூச்சு விட்டு, காலித் தட்டுகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாயனக்காரர் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு ஊதினார். தாலி ஏறியது. செண்பகம் தன் அண்ணனுக்குப் போன் போட்டு, சூளைக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னாள்.

பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா பூவலிங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டார். மாசியில் அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். ஒன்பது சுற்று முறுக்கு நூற்றொன்று வேண்டும்.

"ஆனா ஒண்ணு அண்ணாச்சி" என்று குரலைத் தாழ்த்தினார். "இந்த மாதிரி கடைசி நேரத்துல கலவரப்படுத்தாதிய. தப்பை மட்டும் ரெண்டு நாள் முன்னாடியே பண்ணி எடுத்து வச்சிருங்க."