தொங்கியவன் யார்

"ஹஜ்ரத், நம்ம தைக்காவுக்குள்ளே சிலுவை இருக்கு."

சொன்னவர் நெயினா லெப்பை. கேட்டவர் அவருடைய குரு, ஷெய்கு அபூதாஹிர். ஷெய்கு தைக்கா என்ற அந்தச் சூஃபி மடத்தின் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடரைவிட வயதில் இளையவர். அது நெயினாவுக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும்.

"எவ்வளவு பெரிசு?"

"விரல் நீளம் இருக்கும். அந்தக் கஸ்பார் கழுத்திலே."

"அப்ப இடம் இருக்கு," என்றார் ஷெய்கு.

கஸ்பார் பக்கத்துத் துறையில் மீன் பிடிப்பவன். கோட்டைத் துரையின் சுங்கச்சாவடி தீப்பிடித்து எரிந்தபோது யார் தலையிலாவது பழியைப் போட வேண்டியிருந்தது. கஸ்பாரின் தலை அகப்பட்டது. பிடிபட்டால் தூக்கு. கோட்டை வாசலில் தூக்குமரம்கூட நட்டாகிவிட்டது. காய்ச்சலோடு ஓடிவந்தவனுக்கு ஷெய்கு உள்ளறையில் பாய் விரித்துக் கொடுத்திருந்தார். இது அவருக்கும் நெயினாவுக்கும் மட்டுமே தெரியும்.

"இன்னைக்கு அவங்களுக்குப் பெரிய வெள்ளி. விடிஞ்சதிலேருந்து அழுதுக்கிட்டே கிடக்கான்."

"தண்ணி கொடுங்க, லெப்பை."

நெயினா செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வாதத்தில் நெயினா தோற்று ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஜெயித்த பிறகு அவரோடு உட்கார்ந்து யாரும் வெற்றிலை போட்டதும் இல்லை. காய்ச்சல்காரனிடம் வாதம் எதற்கு என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை.

"எதுக்கு அழுறே? நீ கும்பிடுற ஈஸா நபியை அவங்க கொல்லவும் இல்லை, சிலுவையிலே ஏத்தவும் இல்லை. அல்லாஹ் அவரைத் தன்கிட்டே உயர்த்திக்கிட்டான். அவங்க கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சுது, அவ்வளவுதான்."

கஸ்பார் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தான்.

"அப்ப அங்க தொங்குனது ஆரு?"

"அவர் மாதிரி தெரிஞ்ச வேற ஒருத்தன்."

"சரி லெப்பை. உங்க பேச்சுப்படியே வச்சுக்கிடுவோம். தொங்குனவனுக்கு வலிச்சிருக்கும்லா? அவனுக்காக அழுதுக்கிடுதேன். அதுக்கும் தடை உண்டா?"

நெயினா செம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

முகத்தைப் பார்த்ததும் ஷெய்குவுக்குப் புரிந்துவிட்டது.

"தோத்துட்டீங்களா?"

"நம்ம மறை சொன்னதைத்தானே ஹஜ்ரத் சொன்னேன்? அதிலே உங்களுக்குச் சந்தேகமா?"

"துளியும் இல்லை. அவரைத் தொட யாராலும் முடியலை."

"பிறகென்ன?"

"தொங்கினவர் யாருன்னு பெரியவங்க என்ன சொல்லியிருக்காங்க?"

இது நெயினாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ரெண்டு விதமாச் சொல்றாங்க. அவரைக் காட்டிக்கொடுத்தவன் மேலேயே அந்த முகத்தை அல்லாஹ் போட்டுட்டான், அவனையே பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னு ஒரு பேச்சு. தோழர்கள்லே ஒருத்தர் தானா எழுந்து, அந்த முகத்தை எனக்குக் கொடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டார்னு இன்னொரு பேச்சு."

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"காட்டிக்கொடுத்தவன்தான். அதிலேதான் நியாயம் இருக்கு."

ஷெய்கு காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். அந்த மௌனம்தான் நெயினாவைச் சுட்டது. ஒரு மீன்காரனிடம் வாயடைத்துப் போயிருக்கிறார். தன் குருகூடத் தன் பக்கம் நிற்கவில்லை.

ஜும்ஆ தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. சந்தைப் பக்கம் போனார். அங்கே கோட்டைக் காவல்காரன் ஒருவன் கருவாட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

"நீங்க தேடுற ஆள் தைக்காவிலே இருக்கான்," என்றார் நெயினா. "நீலச் சட்டை."

தன் பெயரைச் சொல்லவில்லை. தைக்காவைச் சுத்தம் செய்கிறோம் என்று மட்டும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பள்ளிவாசலுக்குப் போகும் வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

தொழுகையில் மனம் நிற்கவில்லை. சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தால், கோட்டை வாசலில் நட்டிருந்த மரம் கண்ணுக்குள் வந்தது. காய்ச்சலில் கிடப்பவனை நடத்தியே கூட்டிக்கொண்டு போவார்களோ? ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் யாரிடமும் பேசாமல் தைக்காவுக்கு விரைந்தார்.

முற்றத்தில் நீலச் சட்டையோடு கஸ்பார் உட்கார்ந்திருந்தான்.

கிட்டே போனதும்தான் தெரிந்தது, அது ஷெய்கு.

"என்ன ஹஜ்ரத் இது?"

"அவருக்குக் குளிர் உதறுது. என் ஜுப்பாவைப் போட்டுவிட்டேன்."

"அதுக்காக இதை நீங்க போடணுமா?"

"வெறும் உடம்போட உட்காரச் சொல்றீங்களா?"

நெயினா அவர் எதிரே உட்கார்ந்தார்.

"சந்தையிலே நீங்க காவல்காரனோட நின்னதை, பாங்கு சொல்ற மோதினார் பார்த்திருக்கார்," என்றார் ஷெய்கு. குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நெயினா தாங்கியிருப்பார்.

"ஹஜ்ரத், அவனைப் படகிலே ஏத்தி அனுப்பிருவோம். இப்பவே."

"எழுந்து நிக்க முடியலை அவராலே. இன்னும் ரெண்டு நாளாவது ஆகும்."

"அப்ப நீங்க..."

கதவை உதைத்துத் திறந்தார்கள்.

சுபேதார் முன்னால் வந்தான். பின்னால் துப்பாக்கிகள். ஊருக்குப் புதியவன், யாரையும் தெரியாது. முற்றத்தில் இருந்த இருவரையும் பார்த்தான். கண் நீலச் சட்டையில் நின்றது.

"கஸ்பார் நீதானே?"

ஷெய்கு அவனை நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் என்று சொல்லவில்லை. அவர் பொய் பேசாதவர். இல்லை என்றும் சொல்லவில்லை.

"வாயிலே என்ன கொழுக்கட்டையா?" சுபேதார் நெயினாவிடம் திரும்பினான். "செய்தி சொன்னவன் இந்தத் தைக்கா ஆள்தானாம். ஆளைக் காட்ட வராம எங்கேயோ ஒளிஞ்சுக்கிட்டான். நீ சொல்லு. இவன்தானா?"

நெயினா நீலச் சட்டையைப் பார்த்தார்.

'இவர் எங்கள் ஷெய்கு' என்றால் போதும். உள்ளே போவார்கள். கஸ்பாரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். காலையில் அவர் ஆசைப்பட்டது அதுதான். அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வாழ்நாளெல்லாம் உண்மை பேசியே ஜெயித்தவர். இப்போதும் உண்மை அவர் பக்கம்தான் இருந்தது.

பேசாமல் இருந்தாலும் போதும். ஷெய்குவைக் கொண்டுபோவார்கள். மோதினார் வாயைத் திறக்காதவரை, காட்டிக்கொடுத்தது யார் என்று ஊருக்குத் தெரியாது.

உள்ளறையில் கஸ்பார் இருமினான்.

"உள்ளே யாரு?" என்றான் சுபேதார்.

"காய்ச்சல்காரர்," என்றார் ஷெய்கு.

ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்தான். "ஜுப்பா போட்டுக்கிட்டு யாரோ படுத்திருக்கான், அய்யா."

"அது கிடக்கட்டும்." சுபேதார் ஷெய்குவின் தோளைப் பிடித்துத் தூக்கினான். கயிற்றை எடுத்தார்கள். ஷெய்கு கையை நீட்டிக் கொடுத்தார். கீரைக் கறை படிந்த விரல்கள். அவர் நெயினாவைப் பார்க்கவே இல்லை.

நெயினாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு அழுகை அவருக்குப் பழக்கமில்லை. யாருக்காக அழுகிறோம் என்றுகூடத் தெரியவில்லை. ஷெய்குவுக்கா, உள்ளே கிடப்பவனுக்கா, என்றோ ஒரு வெள்ளிக்கிழமை மரத்தில் தொங்கிய பெயர் தெரியாத ஒருவனுக்கா?

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"அவரை விடுங்க," என்றார்.

"ஏன்?"

"அவர் இந்தத் தைக்காவோட ஷெய்கு. தெருவிலே யாரை வேணும்னாலும் கூப்பிட்டுக் கேளுங்க. அடுத்தவனைக் காப்பாத்தணும்னு இப்படி வந்து உட்கார்ந்திருக்கார்."

"யாரைக் காப்பாத்த?"

"என்னைத்தான்."

சுபேதார் அவரை மேலும் கீழும் பார்த்தான். "உன் கையிலே தொப்பி இருக்கே?"

"தொப்பி போட்டுக்கிட்டா யாரும் தேடமாட்டாங்கன்னு நினைச்சேன்."

ஷெய்கு இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார்.

"உட்காருங்க, லெப்பை," என்றார் மெதுவாக.

நெயினா உட்காரவில்லை.

"உட்காருங்கன்னு சொன்னேன்."

"எத்தனை தடவை சொன்னாலும் நிக்கத்தான் போறேன், ஹஜ்ரத்."

ஷெய்குவின் கண்கள் நிறைந்தன. அதை நெயினா பார்த்தார். பார்த்ததும் பயம் கொஞ்சம் விட்டது; முழுக்க விடவில்லை. கையை நீட்டினார்.

"அது என் சட்டை," என்றார். "கழற்றிக் கொடுங்க."