மருத மரத்தில் ஒரு கீரியின் பெயர்

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு மருத மரம் நின்றது. யார் குற்றம் செய்தாலும், பெயரையும் குற்றத்தையும் அதன் பட்டையில் மரங்கொத்தி செதுக்கிவிடும். காட்டு நீதிமன்றத்துக்கு அதுதான் குமாஸ்தா.

அந்தப் பட்டையில் செம்பி என்ற கீரியின் பெயரும் இருந்தது. 'முட்டை திருடி' என்று! மூன்று கோடைக்கு முன்னால், காடே காய்ந்து கிடந்தபோது, ஆட்காட்டிக் குருவியின் முட்டை ஒன்றை அவள் தின்றுவிட்டாள். தப்புதான். அவளே ஒத்துக்கொண்டாள். தண்டனையாக ஒரு வருஷம் முழுக்கப் பறவைகளின் கூடுகளுக்குப் பாம்பு வராமல் காவல் காத்தாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இப்போது அவளுக்கு மூன்று குட்டிகள். மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. அவள் வளை பள்ளத்தில் இருந்தது. முதல் மழைக்கே முழுகிவிடும். மேட்டில் யாரிடம் இடம் கேட்டாலும், "மரத்தில் உன் பெயர் இருக்கிறதே!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மேட்டுக்குப் புதிதாக வந்திருந்த முள்ளம்பன்றி மட்டும், "பக்கத்து வளை சும்மாதான் கிடக்கிறது. வந்து இரும்மா!" என்றது. அது இன்னும் மரத்தைப் படிக்கவில்லை. என்றைக்காவது படித்து, நடு மழையில் குட்டிகளோடு துரத்திவிட்டால்? செம்பி நேரே நீதிபதி யானையிடம் போனாள்.

"ஐயா, தண்டனை முடிந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. என் பெயரை அழிக்க உத்தரவு போடுங்கள்!"

"நியாயமான மனுதான்" என்றது யானை.

"விதி இருக்கிறது ஐயா!" என்று மரங்கொத்தி குறுக்கே விழுந்தது. "மூன்று நாள் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும்!"

கொடுத்தது பாருங்கள் அறிவிப்பு! மரத்துக்கு மரம் பறந்து, "முட்டை திருடி செம்பி தன் பெயரை அழிக்கக் கேட்கிறாள்! ஆட்சேபம் உண்டா?" என்று தொண்டை கிழியக் கத்தியது. மறந்துபோனவர்களுக்கெல்லாம் ஞாபகம் வந்தது. தெரியாதவர்களுக்கெல்லாம் தெரிந்தது. முள்ளம்பன்றியும் கேட்டது.

"நீ திருடியா? சொல்லவே இல்லையே! வளையும் கிடையாது, ஒன்றும் கிடையாது, போ!"

இது என்ன அநியாயம்! பெயரை அழிக்கப் போனவளுக்கு இருந்த ஒரே இடமும் போயிற்று.

மூன்றாம் நாள் ஆட்காட்டிக் குருவியே நீதிமன்றத்துக்கு வந்தது. "முட்டையைப் பறிகொடுத்தவள் நான். எனக்கே ஆட்சேபம் இல்லை. வேறு யாருக்கு என்ன வந்தது?" என்றது.

"அழித்துவிடு!" என்று யானை உத்தரவு போட்டது.

மரங்கொத்தி அரை நாள் கொத்தியது. செம்பி ஓடி வந்து பார்த்தாள். பழைய எழுத்து அப்படியே இருந்தது. அதன் கீழே இரண்டு மடங்கு பெரிதாக, 'செம்பியின் முட்டைத் திருட்டு உத்தரவுப்படி அழிக்கப்பட்டது' என்று புது எழுத்து!

"பழையது போகவே இல்லையே!"

"பழையது இருந்தால்தானே எதை அழித்தோம் என்று தெரியும்? அதுதான் விதி!"

"அடப்பாவி! ஒரு முட்டைக்கு எத்தனை தடவைதான் தண்டிப்பீர்கள்?" செம்பி பாய்ந்தாள். நகத்தாலும் பல்லாலும் அந்தப் பட்டையைக் கிழித்து எறிந்தாள். வாயில் ரத்தம் வந்தது. அப்போதும் விடவில்லை.

"ஐயோ! நீதிமன்ற மரத்தை நாசம் செய்கிறாள்! புதுக் குற்றம்! இதையும் எழுதுவேன்!" என்று மரங்கொத்தி அலறியது.

சத்தம் கேட்டு யானை வந்தது. கீழே கிடந்த பட்டையை எடுத்துப் படித்தது. அதற்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அழி என்றேன், நீ எழுதினாய். என் உத்தரவை நிறைவேற்றியவள் இவள்தான்! இனி இந்த மரத்தில் உன் அலகு படக் கூடாது!" என்று மரங்கொத்தியை விரட்டியது.

ஆட்காட்டிக் குருவியும் விடவில்லை. முள்ளம்பன்றியைப் பார்த்து, "முட்டை என்னுடையது. நானே மறந்தாயிற்று. உமக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்டது. முள்ளம்பன்றி வளை வாசலை விட்டு விலகி நின்றது.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்து வளை முழுகியபோது மூன்று குட்டிகளும் மேட்டில் தூங்கிக்கொண்டிருந்தன.

தண்டனையை அனுபவித்து முடித்தவரின் பழைய குற்றத்தை ஊர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால், அதற்குப் பிறகு குற்றவாளி அந்த ஊர்தான்.