கை கொடுக்காத மடம்

ஆற்றங்கரை மடம் ஒன்றில் ஒரு கண்டிப்பு இருந்தது. காலையில் குருவின் காலில் விழுந்தவர் தாமே எழ வேண்டும். யாரும் கை கொடுக்கக் கூடாது. எழ முடியாதவருக்கு அன்றோடு பூசைப் பணி போயிற்று. பின்கட்டில் ஒரு பாய் கிடைக்கும், வேளைக்குக் கஞ்சி வரும், அவ்வளவுதான். குரு வேலப்ப அடிகள் திடமாக இருந்த காலத்தில் போட்ட விதி அது. இப்போது அவருக்குத் தொண்ணூற்றைந்து. இடுப்பும் காலும் விழுந்துபோய், அவரையே இரண்டு பேர் தூக்கி வந்துதான் பலகையில் உட்கார வைக்கிறார்கள். அதை யார் கேட்பது?

மூத்த சீடர் சிற்றம்பலத்துக்கு எண்பது நெருங்குகிறது. முட்டி தேய்ந்து எலும்போடு எலும்பு உரசியது. நொச்சி ஒத்தடம் கொடுத்தார், வாதநாராயணன் இலையை வதக்கிக் கட்டினார். முட்டி எதற்கும் மசியவில்லை. வலியை வெளியே சொன்னால் பின்கட்டுதான். அதனால் எல்லோரும் போன பிறகு கடைசி ஆளாக விழுவார். பக்கத்திலிருந்த பெரிய குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டு எழுவார். குருவுக்குக் கண் மங்கல் என்பதால் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அன்றும் விழுந்தார். எழுவதற்குக் கை துழாவியது. விளக்கைத் துலக்க எடுத்துப் போயிருந்தார்கள். பழக்கதோஷத்தில் மனிதர் அதைக் கவனிக்கவே இல்லை.

"எந்திரிச்சாச்சா சிற்றம்பலம்?"

"இதோ சாமி."

கையை ஊன்றிப் பார்த்தார். முட்டி கடகடத்தது. மறுபடியும் முகம் தரையில் பட்டது.

"குரல் இன்னும் கீழேருந்துதானே வருது."

சிற்றம்பலத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னைப் பின்கட்டுக்கு அனுப்பிடாதீங்க சாமி."

குரு பலகையின் விளிம்புக்கு மெல்ல நகர்ந்தார். ஒரு காலைக் கையால் தூக்கிக் கீழே வைத்தார். அடுத்த காலை எடுப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே சரிந்து சீடரின் பக்கத்தில் விழுந்தார்.

"ஐயோ, எந்திரிங்க சாமி. யாராச்சும் பாத்துடப் போறாங்க."

"என்னால முடியாதுப்பா. ஆளைக் கூப்பிடு."

"கை கொடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சாமி..."

"கூப்பிடு."

சிற்றம்பலம் கூப்பிடவில்லை. தம்மோடு ஒன்றாக மடத்துக்கு வந்த மாசிலாமணியின் ஞாபகம் வந்துவிட்டது.

"மாசிலாமணி இதே இடத்துலதான் எந்திரிக்க முடியாம கெடந்தான். என்னைப் பாத்துக் கைய நீட்டுனான். நான் கைய கட்டிக்கிட்டு நின்னேன். பின்கட்டுலயே செத்தும் போயிட்டான். அன்னைக்கு நீங்க ஏன் சாமி ஒரு வார்த்தை சொல்லல?"

குரு மல்லாந்து கிடந்தபடி தம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் நல்லா நடந்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.