பச்சை இலை வாங்கிய முயல் குட்டி

ஒரு காட்டில் ஒரு குளம். குளக்கரையில் ஒரு மருத மரம். அந்த மரத்தடியில்தான் குட்டிகளின் பள்ளிக்கூடம் நடந்தது. பாடம் நடத்தியது ஒரு மைனா.

அங்கே ஒரே ஒரு பாடம்தான். தடம் படிப்பது. ஈர மண்ணில் யார் நடந்தார்கள், எந்தப் பக்கம் போனார்கள் என்று கால் தடத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும். அது தெரியாத குட்டி தனியாகத் தண்ணீர் குடிக்கப் போனால் திரும்பி வராது. அவ்வளவுதான் விஷயம்.

வருஷத்துக்கு ஒரு முறை, கோடைத் தொடக்கத்தில், பெரிய ஏரியிலிருந்து நாரையார் பறந்து வருவார். எந்தக் குட்டி தானே தடம் படிக்கத் தயார், எது இன்னும் தயாரில்லை என்று சோதித்துச் சொல்வது அவர் வேலை. தேறிய குட்டியின் காதில் ஒரு பச்சைப் பூவரச இலையைச் செருகுவார். இலை வாங்கிய குட்டி அம்மா துணையில்லாமல் குளத்துக்குப் போகலாம். தேறாத குட்டிக்கு ஒரு சருகுதான். அது கண் திறக்காத குட்டிகளோடு இன்னொரு வருஷம் புதருக்குள் உட்கார்ந்து கொட்டை உருட்ட வேண்டும்.

சோதனைக்கு நாரையார் ஒரு மரப்பட்டை வைத்திருந்தார். அதில் எட்டுத் தடங்களை மரங்கொத்தி அச்சு அசலாகக் கொத்திக் கொடுத்திருந்தது. மான், முயல், மயில், பன்றி, நரி, கீரி, யானை, முதலை. வருஷா வருஷம் அதே பட்டைதான். அதே வரிசைதான்.

இது முயலம்மாவுக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் அவளுடைய மூத்த பிள்ளைகள் இதே சோதனைக்கு வந்தார்கள். இந்த வருஷம் கடைக்குட்டி தவிட்டியின் முறை. ஒரு மாதமாக வளைக்குள் இதே பாட்டுதான்.

"சொல்லுடி தங்கம்!"

"ஒண்ணு மான், ரெண்டு முயல், மூணு மயில்..."

"நிறுத்தாதே! மூச்சு விடாமச் சொல்லணும்!"

சோதனை நாளும் வந்தது. நாரையார் பட்டையை மரத்தில் சாய்த்து வைத்தார். ஒற்றைக் காலில் நின்றார்.

"நான் கால் மாற்றி நிற்பதற்குள் எட்டையும் சொல்லிவிட வேண்டும். முதல் குட்டி வரட்டும்!"

தவிட்டி துள்ளி வந்து நின்றாள். நாரையார் அலகால் முதல் தடத்தைத் தொட்டார்.

"மான், முயல், மயில், பன்றி, நரி, கீரி, யானை, முதலை!"

நாரையாரின் அலகு நான்காவது தடத்துக்குப் போனபோது தவிட்டியின் வாய் எட்டாவதைத் தாண்டியிருந்தது. அவள் கண் பட்டையின் மேலேயே இல்லை. எதிரே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்த அம்மாவின் மேல் இருந்தது. மைனா இதைக் கவனித்தது. நாரையார் கவனிக்கவில்லை.

"ஆஹா! எட்டுக்கு எட்டு!" என்று காதில் பச்சை இலையைச் செருகினார். முயலம்மா சுற்றிலும் இருந்த எல்லோரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

அடுத்து வந்தது தவிட்டியின் கூட்டாளி வரியன். காட்டுப்பன்றிக் குட்டி. முதுகில் கோடு கோடாக இருக்கும். அவன் பட்டைக்குப் பக்கத்தில் போய், மூக்கை ஒட்டி வைத்து முதல் தடத்தையே பார்த்தான்.

"என்ன அது? பேரைச் சொல்!" என்றார் நாரையார்.

"மான் ஐயா. ஆனா இது நடக்கலை, ஓடியிருக்கு. குளம்பு விரிஞ்சிருக்கு பாருங்க, நுனி ஆழமாப் பதிஞ்சிருக்கு. எதைப் பார்த்து ஐயா ஓடிச்சு?"

"அதெல்லாம் கேள்வியில் இல்லை! அடுத்தது!"

"முயல்... இது உட்கார்ந்திருக்கு."

"அடுத்தது, அடுத்தது!"

வரியன் மூன்றாவது தடத்துக்கு வந்தான். "மயில்" என்றான். அது எந்தப் பக்கம் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்து யோசித்தான். நாரையார் கால் மாற்றிக்கொண்டார்.

"முடிந்தது! எட்டுக்கு மூன்று. இவன் இன்னும் தயாரில்லை!"

"ஐயா, அவன்தான் உண்மையில் பார்த்துப் படிக்கிறான். கொஞ்சம் நேரம் கொடுத்தால்..." என்று மைனா மெதுவாக ஆரம்பித்தது.

"டீச்சரம்மா! எனக்கு இன்னும் பதினாலு காடு பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு குட்டியும் மானோடு கதை பேசிக்கொண்டிருந்தால் நான் எப்போது ஏரிக்குத் திரும்புவது?"

வரியனின் காதில் சருகு ஏறியது. குட்டிகள் சிரித்தன. தவிட்டியும் கொஞ்சம் சிரித்தாள். வரியன் அம்மாவின் வயிற்றுக்கடியில் போய் நின்றுகொண்டான்.

மறுநாள் விடிந்தது. பன்றியம்மா குளக்கரையில் கோரைக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். சருகு வாங்கிய வரியன் அவள் கூடவே திரிந்தான். நாரையார் கிளம்புவதற்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்ள, கரையோரத் தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்று மீன் பார்த்தார்.

அப்போது தவிட்டி வந்தாள். தனியாக! காதில் பச்சை இலை. தண்ணீருக்கு முன்னால் ஈரச் சேறு. சேற்றில் தடங்கள். பாடத்தை நினைத்துக்கொண்டு நின்றாள். முதல் தடத்தை மூக்கால் தொட்டாள்.

"ஒண்ணு, மான்!"

அடுத்ததைத் தொட்டாள். "ரெண்டு, முயல்! மூணு, மயில்! எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

ஒரு துள்ளல் துள்ளி முன்னால் போனாள்.

"ஏய் தவிட்டி! நில்லு!" கோரைக்குள்ளிருந்து வரியன் கத்தினான். "தண்ணிகிட்டப் போகாதே!"

"போடா சருகு! எட்டுக்கு மூணு வாங்கினவன் எனக்குச் சொல்ல வந்துட்டான்!"

"அது மான் இல்லை!"

"முதல்ல வர்றது மான்தான். நாரையாரே சரின்னு சொன்னாரு!"

"மானுக்கு வால் தரையில இழுபடுமா? நடுவுல நீளமாக் கோடு கிடக்கு, நீயே பாரு!"

தவிட்டி குனிந்தாள். ஒரு மாதமாகத் தடங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றுதான் முதல் முறையாக ஒரு தடத்தைப் பார்த்தாள். அகல விரிந்த விரல்கள். விரல் நுனியில் நகம். இரண்டு பக்கத் தடங்களுக்கும் நடுவே, கட்டையை இழுத்த மாதிரி ஒரு கோடு.

"வரியா... இது எந்தப் பக்கம் போயிருக்கு?" அவள் குரல் சின்னதாகிவிட்டது.

"தண்ணிக்குள்ள. போன தடம் இருக்கு. திரும்பி வந்த தடம் இல்லை. அது உள்ளேதான் இருக்கு! ஓடு!"

தவிட்டி பின்னால் பாய்ந்தாள். அதே நொடி தண்ணீர் பிளந்தது. ஆறு வற்றியதால் முந்தின இரவு குளத்துக்கு நகர்ந்து வந்திருந்த முதலை, முயல் தப்பியதும் பக்கத்தில் நின்ற நாரையார் மேல் வாயைத் திருப்பியது. நாரையார் அலறிக்கொண்டு எழும்பினார். உயிர் தப்பியது. வால் இறகில் மூன்று முதலையின் பல்லில் தங்கிவிட்டன.

அவர் மருத மரக் கிளையில் போய் விழுந்தார். சத்தம் கேட்டு முயலம்மா ஓடி வந்து தவிட்டியை அணைத்துக்கொண்டாள். மைனாவும் வந்தது.

"அந்தத் தடத்துக்குப் பக்கத்தில்தானே நின்றீர்கள்? நீங்கள் பார்க்கவில்லையா ஐயா?" என்று கேட்டது மைனா.

நாரையார் தொண்டையைச் செருமினார். "நான்... மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் யாரும் இல்லை.

தவிட்டி காதிலிருந்து பச்சை இலையை எடுத்தாள். ஒரு முறை பார்த்தாள். பிறகு அதை மென்று தின்றுவிட்டாள்.

"எனக்கு இது இன்னும் வேண்டாம் ஐயா. நான் பாட்டுத்தான் படிச்சேன். தடம் படிக்கலை."

முயலம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. இருந்தாலும் விடவில்லை. "நாரையாரே, அடுத்த வருஷம் ஒன்பதாவதா ஏதாவது சேர்ப்பீங்களா? இப்பவே சொல்லிட்டா நான் மனப்பாடம் பண்ண வைப்பேன்!"

"அம்மா!" என்றாள் தவிட்டி.

நாரையார் கீழே இறங்கினார். பட்டையை அலகால் கவ்விக் கொண்டுபோய்க் குப்புறக் கவிழ்த்துப் போட்டார். பிறகு வரியனைக் கூட்டிக்கொண்டு, முதலை எட்டாத மேட்டில் இருந்த ஈர மண்ணுக்கு நடந்தார்.

"இங்கே என்ன தெரிகிறது, குட்டி?" என்று மட்டும் கேட்டார். அலகை மூடிக்கொண்டார். கால் மாற்றவே இல்லை.

வரியன் பார்த்தான். யோசித்தான். "ஒரு கீரி வந்திருக்கு. இங்கே நின்னு திரும்பிப் பார்த்திருக்கு. அப்புறம் அவசரமாப் போயிருக்கு. ஏன்னா இங்கே பாம்பு நெளிஞ்ச கோடு. ஐயா, அது பாம்பைப் பிடிச்சிருக்குமா?"

"தெரியவில்லையே. வா, கோடு எங்கே போகிறது என்று இரண்டு பேரும் பார்ப்போம்" என்றார் நாரையார்.

அன்றே வரியன் காதில் பச்சை இலை ஏறியது. மற்றக் குட்டிகளையும் ஒவ்வொன்றாக மேட்டுக்குக் கூட்டிப்போனார். அதற்கு ஆறு நாள் ஆனது. பதினாலு காடும் காத்திருந்தன.

தவிட்டி தினமும் வரியனோடு சேர்ந்து தடம் பார்த்தாள். எட்டுப் பெயரும் அவள் வாயில் ஏற்கெனவே தயாராக இருந்ததால், கண் வேலை செய்யத் தொடங்கியதும் மளமளவென்று பிடித்துக்கொண்டாள். மழைக்கு முன்பே, நாரையார் ஏரிக்குத் திரும்பும் வழியில் மறுபடி இறங்கிச் சோதித்தபோது, அவளும் தேறினாள். இந்த முறை இலையைத் தின்னவில்லை.

ஒரு குழந்தை எவ்வளவு வேகமாக ஒப்பிக்கிறது என்பதை வைத்தல்ல, எதை உற்றுப் பார்க்கிறது, என்ன கேள்வி கேட்கிறது என்பதை வைத்தே அது படிக்கத் தயாராகிவிட்டதா என்று சொல்ல வேண்டும்.