சாரம் இழையைத் தளர்ந்த இடத்தில் பிடித்த கதை

எனக்கு முதலில் தீங்கு செய்தவன் முக்கட்டான். அவன் பெயரைச் சொல்லாமல் இதைத் தொடங்க எனக்கு மனம் வராது.

உடம்பில் இருக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு என்று ஓர் அறை உண்டு. அந்த அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும் சாரம் நான். வீடு கட்டுகிறவர்கள் மூங்கிலில் கட்டுவார்களே, அது மாதிரி. எனக்கு எழுத்து தெரியாது. எழுத்தெல்லாம் இழையிடம் இருக்கிறது. டி.என்.ஏ. என்று இப்போது சொல்கிறார்கள். இரண்டு புரிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். கண் எப்படி இருக்கவேண்டும், நகம் எப்படி வளரவேண்டும், எல்லாம் அதில் எழுதியிருக்கிறது.

செல்லுக்குள் இருந்ததெல்லாம் வாய்விட்டுப் பேசிய காலம் அது. இழை அப்போது எதிலும் கட்டப்படாமல் அறை முழுக்கக் குவிந்து கிடந்தது. செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் இழையைப் படியெடுக்கவேண்டும். படியெடுக்கப் புரிகளைப் பிரித்தால், பிரிக்காத பக்கத்தில் முறுக்கு ஏறும். ஏறி ஏறிச் சிக்கு விழும். சிக்கு இறுகினால் இழை அறும். இழை அறுந்தால் செல் சாகும். பக்கத்துச் செல் அப்படித்தான் செத்தது.

அதைப் பார்த்துப் பயந்து, இழையில் இடம் இடமாகக் குடியிருந்த இழைக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். சிக்கு விழாதபடி இழையை வளையம் வளையமாக மடித்து என்மேல் மாட்டிவைக்கச் சொன்னார்கள். எந்த இடத்தில் மாட்டுவது என்பதில்தான் தகராறு.

இழை முழுக்க ஒரே உறுதி கிடையாது. சில இடங்களில் இரண்டு புரிகளையும் மூன்று கட்டு பிணைத்திருக்கும். அந்த இடத்துக்காரன் முக்கட்டான். சில இடங்களில் இரண்டே கட்டு. அந்த இடத்துக்காரி இருகட்டி. கொஞ்சம் முறுக்கு ஏறினாலும் அவளிடத்தில் புரிகள் விலகிவிடும். அதனால் எல்லாரும் அவளை ஓட்டைவாய் என்று கூப்பிட்டார்கள்.

முக்கட்டான் என் காலடியில் வந்து நின்றான்.

“சாரத்து மாமா, உறுதியான ஆளைப் பிடியுங்கள். அந்த ஓட்டைவாயை நம்பினால் எல்லாரும் போய்ச்சேருவோம். நீங்கள் எங்களைத் தாங்கினால் செல் பிரியும்போது உங்களைக் கலைக்கமாட்டோம். இது என் வாக்கு.”

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். செல் பிரியும்போதெல்லாம் என்னைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போடுவதுதான் அதுவரை வழக்கம். முழுதாக நிற்க எனக்கும் ஆசை இருக்காதா?

அவன் சொன்ன இடத்தில் பிடித்தேன். மூன்று கட்டில் இறுகியவனிடம் விரல் நுழைய இடுக்கு இல்லை. படியெடுப்பு தொடங்கி முறுக்கு ஏறியதும் என் கையிலிருந்து வழுக்கினான். வழுக்கிக்கொண்டே, எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று திட்டவும் செய்தான். இழை துள்ளியது. ஓர் இடத்தில் புரி நையத் தொடங்கியது.

அப்போது இருகட்டி என் பக்கமாக வந்து விழுந்தாள். முறுக்கு தாங்காமல் அவளுடைய புரிகள் விலகிக்கொண்டிருந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பார்க்காதீர்கள் மாமா. மூட முடியவில்லை.”

“மூடாதே அம்மா. இன்னும் கொஞ்சம் திற.”

“பிறந்ததிலிருந்து எல்லாரும் மூடு மூடு என்றார்கள். நீங்கள் ஒருவர்தான் திற என்கிறீர்கள்” என்று அந்த வலியிலும் சிரித்தாள். திறந்தாள்.

விலகிய புரிகளுக்கு நடுவே கையை விட்டுப் பிடித்தேன். பிடி நின்றது. ஏறிய முறுக்கு அவள் விலகிய இடத்தில் தளர்ந்து அடங்கியது. அவளைப் போன்ற இரண்டுகட்டுக்காரர்கள் எங்கெங்கே இருந்தார்களோ, அங்கெல்லாம் அப்படியே பிடித்தேன். இழை வளையம் வளையமாகத் தொங்கியது. படியெடுப்பு முடிந்தது. செல் பிழைத்தது.

செல் பிரியும் நேரம் வந்ததும் என்னைக் கழற்றச் சொல்லி முதலில் குரல் கொடுத்தவன் முக்கட்டான். கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“மூன்றுகட்டுக்காரர்களான எங்களைத் தாங்கினால் என்றுதானே வாக்கு? நீங்கள் தாங்கியது அவளை” என்றான்.

என்னைக் கழற்றினார்கள். புதுச் செல்லில் என்னைக் கூப்பிட்டு மறுபடி நிறுத்தியது இருகட்டி. எழுந்ததும் நான் தேடிப் பிடித்தது அவளைத்தான்.

அன்றைக்கு விழுந்த பிடிதான் இன்றைக்கும். இழையில் எங்கே புரிகள் எளிதில் விலகுமோ, அங்கேதான் அது சாரத்தில் மாட்டிக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் என்னை இன்னும் கழற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முக்கட்டான் எனக்கு ஒரு வாக்கு பாக்கி வைத்திருக்கிறான். அவன் தீர்க்கும்வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.