ஜன்னலோரம் ஒரு கறுப்புச் சேலை

"வியாபாரத்தைப் பதிவு பண்ணணும் மேடம். என்னென்ன பேப்பர் வேணும், அதை மட்டும் சொல்லுங்க. மத்ததை நானே பாத்துக்குவேன்."

கேட்டவள் சௌந்தரவல்லி. வயது ஐம்பத்து மூன்று. மேடம் என்று அவள் கூப்பிட்ட ஆடிட்டர் ஜெனிட்டாவுக்கு இருபத்தொன்பது.

திருச்சியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் இருந்தது அந்த அலுவலகம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ட்யூப்லைட். வெயில் தாங்காது என்று ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டிருந்தார்கள்.

ஜெனிட்டாவைப் பற்றி ஊரில் ஒரு புகார் உண்டு. ஒன்று கேட்டால் பதிலுக்கு ஒன்று கேட்பாள். அதற்கு ஃபீஸும் வாங்குவாள்.

வல்லிக்கு ஃபீஸ் கொடுக்க மனசே இல்லை. சும்மா கிடைத்த ஆலோசனையே அவளிடம் ஒரு நோட்டு நிறைய இருந்தது. மச்சினர் சொன்னது, எதிர்வீட்டு டீச்சர் சொன்னது, யூட்யூபில் யாரோ ஒருவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் தப்பு என்றார். வேறு வழியில்லாமல்தான் மாடிப்படி ஏறி வந்தாள்.

"என்ன வியாபாரம்க்கா?"

"சேலை. ஆன்லைன்ல விக்கறேன். வாட்ஸப்ல க்ரூப் வெச்சிருக்கேன், அறுபத்து மூணு பேர் இருக்காங்க."

"சரக்கு எங்க இருக்கு?"

"சூரத்துல."

"கடை?"

வல்லி போனைத் தூக்கிக் காட்டினாள்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"உறையூர்."

ஜெனிட்டா பேனாவைக் கையில் எடுக்கவே இல்லை.

"ஊரைக் கேக்கலக்கா. இந்த வியாபாரத்துல நீங்க எங்க இருக்கீங்க?"

வல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காசு கொடுத்து விடுகதை கேட்கவா வந்தோம்? ஆனாலும் பொறுமையாக விளக்கினாள். சூரத்திலிருந்து ஒருவர் படம் அனுப்புவார். அவள் விலையைச் சேர்த்து க்ரூப்பில் போடுவாள். யாராவது கேட்டால் அவர்கள் முகவரியை சூரத்துக்கு அனுப்பிவிடுவாள். சேலை அங்கிருந்து நேராக வீட்டுக்கே போய்விடும். க்ரூப் வைத்திருக்கிற எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

"அப்ப சேலையை நீங்க பாக்கறதே இல்லையா?"

"படத்துல பாப்பேனே!"

அந்த நேரம் பார்த்து போன் கூவியது. படித்ததும் வல்லியின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்க மேடம், ஆர்டர் வந்திருக்கு. திருவானைக்காவல் ரங்கநாயகி அம்மா. பொண்ணுக்கு வளைகாப்பு, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அவங்க வழக்கத்துல அன்னைக்குக் கறுப்புச் சேலைதான் உடுத்தணும்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "பாவம், அந்தப் பொண்ணுக்கு ரெண்டு தடவை தங்கல. இந்தத் தடவைதான் கறுப்பு வாங்கற வரைக்கும் வந்திருக்கு."

வல்லி அப்படித்தான். சேலையைத்தான் பார்க்க மாட்டாள். வாங்குகிறவர்கள் வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாசம் என்பது வரை தெரிந்து வைத்திருப்பாள்.

ஜெனிட்டா அவள் போனைச் சுட்டிக் காட்டினாள்.

"இந்த ஒரு சேலையை மட்டும் இந்த ஆபீஸ் அட்ரஸுக்கு வரச் சொல்லுங்க."

"எதுக்கு மேடம்? அப்புறம் அதைத் தூக்கிட்டு நான் அலையணும்."

"அதுதான் என் ஃபீஸ்."

ஃபீஸ் மிச்சம் என்றதும் வல்லி மறுபேச்சுப் பேசவில்லை.

பார்சல் புதன்கிழமைதான் வந்தது. மத்தியானம் வல்லி வந்தபோது அது பிரிக்காமல் மேஜைமேல் இருந்தது.

"நீங்களே பிரிங்கக்கா."

வல்லி பிரித்தாள். தான் விற்ற சேலை ஒன்றை அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தொட்டாள். சொரசொரப்பாக இருக்குமோ என்று பயந்திருந்தாள். நன்றாக வழவழப்பாகத்தான் இருந்தது.

"மை மாதிரி இருக்கு பாருங்க. படத்துல இருந்த அதே கறுப்பு."

ஜெனிட்டா எழுந்துபோய் ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டாள். வேறு ஒன்றும் செய்யவில்லை.

மேஜையில் விழுந்தது உச்சிவெயில். சேலை நீலமாக இருந்தது.

வல்லி அதை அள்ளிக்கொண்டு ட்யூப்லைட்டுக்குக் கீழே போனாள். கறுப்பு. ஜன்னலோரம் வந்தாள். நீலம். மூன்று தடவை நடந்து பார்த்தாள். வெயில் மனசு மாறுவதாக இல்லை.

"வளைகாப்பு மண்டபத்துக்குள்ளதான் மேடம். லைட்டுல கறுப்பாத்தான் தெரியும்."

வல்லி சேலையை மடிக்கத் தொடங்கினாள்.

"வளையல் போடுவாங்க, பாட்டுப் பாடுவாங்க. எல்லாரும் பொண்ணு முகத்தைத்தான் பாப்பாங்க."

மடிப்பைப் பிரித்து மறுபடியும் பார்த்தாள்.

"முடிஞ்சதும் அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"பகல்லயா?" என்றாள் ஜெனிட்டா.

வல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். மண்டப வாசலில், எல்லாரும் பார்க்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும் அந்தப் பெண்ணை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் கண்முன் நன்றாகத் தெரிந்தாள். ரங்கநாயகி அம்மா வெயிலில் அந்தச் சேலையைப் பார்ப்பதும் தெரிந்தது.

யாரும் சொல்லாமலே போனை எடுத்தாள்.

"அம்மா, நான் வல்லி பேசறேன். அந்தச் சேலை கறுப்பு இல்லம்மா. வெயில்ல பாத்தேன், நீலம்."

"நீலமா?" அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது. "நாளைக்கழிச்சு வளைகாப்பு, இப்ப சொல்றீங்களே! உங்களை நம்பித்தானே நான் வேற எங்கயும் பாக்கல?"

போன் வைக்கப்பட்டது.

வல்லி அழுதுவிட்டாள். நீலத்தில் ஒரு சொட்டு விழுந்து பரவியது. அவசரமாகத் துடைத்தாள்.

"அறுபத்து மூணு பேரும் போயிடுவாங்க. போனா போகட்டும். அந்தப் பொண்ணு என்ன நினைக்கும்? இப்ப நான் என்ன பண்ணட்டும், சொல்லு கண்ணு."

மேடம் கண்ணு ஆனதை இருவருமே கவனிக்கவில்லை.

ஜெனிட்டா சேலையை மடிப்புக் கலையாமல் மடித்து உறைக்குள் வைத்தாள். தண்ணீர் பாட்டிலை வல்லி பக்கம் நகர்த்தினாள்.

"பதிவெல்லாம் ஒரு மத்தியான வேலைக்கா. வரி, பேப்பர் எதுக்கும் பயப்படாதீங்க, நான் இருக்கேன்." ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். "வெயில் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும்."

வல்லி செருப்பைத் தேடினாள்.

சின்னக்கடை வீதியில் முதல் கடையில் கறுப்பு கேட்டாள். எடுத்துப்போட்டார்கள். ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"உள்ளயே இவ்வளவு லைட் இருக்கேம்மா?" என்று விற்பனையாளர் பின்னாலேயே ஓடிவந்தார். சேலையோடு ஓடிவிடுவாளோ என்று அவருக்குக் கவலை.

வாசலில் அது காப்பி நிறம். அடுத்த கடையில் ஒன்று பாசிப்பச்சை. மூன்றாவது கடையில் நிறம் சரி, முந்தியில் ஒரு இழை விட்டிருந்தது. அவள் விரலுக்குத்தான் அது தெரிந்தது, கண்ணுக்கு இல்லை.

நான்காவது கடையில், சிவப்புக் கரை போட்ட ஒரு சேலை வெயிலில் கறுப்பாகவே நின்றது. ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தாள். விற்பனையாளர் அலுத்துப்போய் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போன் அடித்தது. ரங்கநாயகி அம்மா.

"கோவத்துல வெச்சுட்டேன்." குரல் கம்மியிருந்தது. "சேலை வீட்டுக்கு வந்த பிறகு பாத்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு இப்பதான் நினைச்சேன். நீங்க எங்க இருக்கீங்க?"

இதே கேள்விக்கு ஜெனிட்டாவிடம் உறையூர் என்று சொன்னது வல்லிக்கு ஞாபகம் வந்தது.

"கடை வாசல்லம்மா. வெயில்ல நிக்கறேன். சேலை கையில இருக்கு."

மறுமுனையில் பின்னாலிருந்து ஒரு இளங்குரல் என்னவோ கேட்டது.

"பொண்ணு கேக்கறா," என்றாள் ரங்கநாயகி அம்மா. "கறுப்புதானே?"

வல்லி முந்தியை இன்னொரு தடவை வெயிலில் விரித்தாள்.

"கறுப்புதான்னு சொல்லுங்கம்மா. நான் பாத்துட்டேன்."